நிரம்பியபடியே திரும்பி வந்த தண்ணீர்ப் பாட்டில்

ஆட்டிசம் உள்ள என் மகன் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய முதல் ஆண்டில், காலையில் நான் நிரப்பி அனுப்பிய தண்ணீர்ப் பாட்டில் ஒரு மிடறுகூடக் குறையாமல் மாலையில் திரும்பி வரும். அப்போது அவனுக்கு வயது ஆறு. வீட்டுக்குள் நுழைந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுவான். அங்கிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து, சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொள்வான். அந்த நேரத்தில் யாராவது பெயர் சொல்லி அழைத்துவிட்டால் தரையில் தலையை மோதத் தொடங்கிவிடுவான். பையைத் திறந்து பள்ளி நாட்குறிப்பைப் பார்த்தால், "இன்று அமைதியாக இருந்தான்" என்று ஆசிரியையின் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். அநேகமாக எல்லா நாட்களிலும் அதே வரிதான்.

ஏறத்தாழ நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. பள்ளியில் அவனுக்கு ஏதோ நேர்கிறது, அதை என்னிடம் மறைக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். பள்ளியில் அமைதியாக இருக்கும் பிள்ளை வீட்டில் மட்டும் இப்படி நடந்துகொள்கிறான் என்றால் வீட்டில்தான் ஏதோ சரியில்லை என்று ஆசிரியை நினைத்திருக்கிறார். பின்னாளில் அவரே அதை என்னிடம் சொன்னார். வாசலில் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் புன்னகைத்துக்கொண்டோம், நலம் விசாரித்துக்கொண்டோம், ஆனால் கேட்க வேண்டிய எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவனை அழைத்துவர நானே நேரில் சென்றிருந்தபோது, வகுப்பறை உதவியாளர் பேச்சுவாக்கில், "உங்கள் பையன் ஒருநாள்கூட இங்கே கழிவறைக்குப் போனதில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இவன் தொந்தரவே தருவதில்லை" என்று பாராட்டாகச் சொன்னார். நிரம்பிய பாட்டில் அப்போது என் கையில்தான் இருந்தது. அதை அவரிடம் காட்டினேன். அருகில் நின்றிருந்த ஆசிரியையும் அதைப் பார்த்தார். மூவருக்கும் ஒரே கணத்தில் புரிந்துபோயிற்று: கழிவறைக்குப் போக வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகவே அந்தக் குழந்தை நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறான்.

காரணம் ஓசை. பள்ளிக் கழிவறையின் இரும்புக் கதவு சாத்தப்படும்போது அதிரும். மேலிருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் கொட்டும்போது அந்தச் சிறிய அறையே இரையும். எங்கள் வீட்டில் அவன் கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே கழிவறைக் கதவைப் பாதி திறந்துதான் வைப்போம். அவன் வெளியே வந்து தூரப் போன பிறகே தண்ணீரைத் திறந்துவிடுவோம். அது ஓர் ஏற்பாடு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மறந்துபோனதை எப்படிப் பள்ளிக்குச் சொல்லியிருக்க முடியும்? அடுத்த வாரம் முதல், பாடவேளையின் நடுவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், உதவியாளர் அவனை அழைத்துச் சென்று கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வாரங்களில் பாட்டில் பாதி காலியாக வரத் தொடங்கியது. மேசைக்கு அடியில் படுப்பது நின்றுவிடவில்லை, ஆனால் தலையை மோதுவது வெகுவாகக் குறைந்தது.

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. இத்தனை ஆண்டுகளில் ஆட்டிசம் பற்றி நான் படித்தவற்றிலும் கேட்டவற்றிலும் எதைவிடவும் அந்தப் பாட்டில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வீட்டிடம் ஒரு பாதியும் பள்ளியிடம் ஒரு பாதியும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் பெரியவர்கள். மற்றக் குழந்தைகளின் விஷயத்தில் இந்த வேலையை யாரும் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அந்தக் குழந்தைகளே அதைச் செய்துவிடுகிறார்கள். "மிஸ், எங்க வீட்டுக்கு நேத்து மாமா வந்தாங்க" என்று அங்கே சொல்வார்கள், "அம்மா, அவன் என்னைத் தள்ளிவிட்டான்" என்று இங்கே சொல்வார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே செய்தி சுமக்கும் அந்த வேலையை, பேச்சும் விவரிப்பும் கடினமாக இருக்கும் ஒரு குழந்தையின் தலையில் நாம் அறியாமலே ஏற்றிவிடுகிறோம் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

பேச்சு வராத குழந்தைகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. ரயில்களைப் பற்றியோ கோள்களைப் பற்றியோ ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசக்கூடிய குழந்தைகூட, "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு முன் திகைத்து நின்றுவிடுவது உண்டு. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், ஆறேழு மணி நேர நிகழ்வுகளிலிருந்து எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், கேட்பவருக்கு எது தெரியாது என்று ஊகிக்க வேண்டும், தன் உடலில் தோன்றிய தவிப்புக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், பிறகு அவற்றை வரிசைப்படுத்திச் சொல்லவும் வேண்டும். நாம் எளிதென்று நினைத்துக் கேட்கும் கேள்விகளில் மிகக் கடினமானது இதுதான்.

1943இல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக மருத்துவ உலகின் கவனத்துக்குப் பரவலாக வந்தது. சூழலின் சிறு கூறு ஒன்று மாறினாலும் அந்தக் குழந்தைகள் எவ்வளவு கலங்கிப்போனார்கள் என்பதை அவர் விரிவாகக் குறித்திருக்கிறார். கற்றலிலும் இதே இயல்பு வேறு வடிவில் தென்படுகிறது. ஓரிடத்தில் கற்றது அந்த இடத்தோடும், அந்த மனிதரோடும், அந்தச் சொற்களோடும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. என் மகன் வீட்டு மாடிப்படிகளை ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எண்ணியபடிதான் ஏறுவான். பள்ளியிலோ "எண்கள் பத்துக்கு மேல் தெரியவில்லை" என்று மதிப்பீட்டில் எழுதினார்கள். இரண்டுமே உண்மை. பள்ளியில் கோத்த மணிகளை எண்ணுவதும் வீட்டில் படிகளை எண்ணுவதும் ஒரே செயல் என்று அவனுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

டிரெவர் ஸ்டோக்ஸ், டொனால்ட் பேயர் என்ற இரு நடத்தை ஆய்வாளர்கள் 1977இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. ஒரு திறனைக் கற்பித்துவிட்டு, அது மற்ற இடங்களுக்கும் தானாகவே பரவிவிடும் என்று நம்பிக் காத்திருப்பதே அதுவரை பெரும்பாலும் நடந்துவந்தது என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பரவுவதையும் தனியாகத் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டும் என்றார்கள். ஆகவே பள்ளியில் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தால், எந்தப் பொத்தானிலிருந்து தொடங்கினார்கள், எந்தச் சொல்லைச் சொன்னார்கள், எவ்வளவு தூரம் கைபிடித்து உதவினார்கள் என்பதெல்லாம் அன்றைக்கே வீட்டுக்குத் தெரிய வேண்டும். "பொத்தான் போடப் பழகுகிறான்" என்ற வரியை வைத்துக்கொண்டு வீட்டில் எதுவும் செய்ய முடியாது. நானும் தொடங்கினேன், ஆனால் மேலிருந்து கீழாக. பள்ளியில் கீழிருந்து மேலாக. அவன் இரண்டு மாதம் இரண்டையும் மறுத்தான்.

பெற்றோரும் ஆசிரியரும் இப்படிச் சேர்ந்து இயங்குவது ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். தாயின் பாசமின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்து 1950களிலும் 60களிலும் செல்வாக்குப் பெற்றிருந்தது. குழந்தை உளவியல் பற்றி எழுதிய புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். அந்தப் பார்வையில், குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சையாகக் கருதப்பட்டது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அந்தக் கருத்தை ஆதாரங்களோடு மறுத்தார். உளவியலாளர் எரிக் ஸ்காப்லர் இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றோரையே சிகிச்சையில் இணைப் பங்காளிகளாக்கினார்; 1972இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் முழுவதற்குமான திட்டமாக அது உருப்பெற்றது. பள்ளிக்கூட்டத்தில் என் நாற்காலியில் அமரும்போதெல்லாம் இந்த வரலாறு என் நினைவில் இருக்கும். பழி சுமத்தும் அந்தப் பழைய பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. "வீட்டில் கொஞ்சம் கண்டித்து வளருங்கள்" என்று ஒருவர் சொல்லும்போது அது வேறு உடையில் வருகிறது. அதே பழக்கத்தை நான் ஆசிரியர்கள் மேல் திருப்பிவிட்ட நாட்களும் உண்டு.

நாட்குறிப்புக்கு வருகிறேன். வீட்டையும் பள்ளியையும் இணைக்கும் கருவி என்று எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் அதில் என்ன எழுதுகிறோம் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. "அமைதியாக இருந்தான்" என்ற வரி எனக்கு எதையும் தரவில்லை என்பதை மேலே சொன்னேன். அதைவிட மோசமானது இரண்டாம் ஆண்டில் வந்தது. "இன்று மிகவும் தொந்தரவு செய்தான். பெற்றோர் கண்டிக்கவும்." காலை பத்து மணிக்கு நடந்த ஒன்றுக்காக மாலை ஐந்து மணிக்கு அம்மாவின் முகம் ஏன் மாறுகிறது என்று ஓர் ஏழு வயதுக் குழந்தைக்கு, அதிலும் காரண காரியங்களைப் பிறர் வாய்மொழியிலிருந்து எளிதில் பிடித்துக்கொள்ளாத ஒரு குழந்தைக்கு, எப்படி விளங்கும்? என் முகம் மாறத்தான் செய்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அந்த வாரத்தில் ஓர் இரவு விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் அவன் குரல் கேட்டது. "இன்று மிகவும் தொந்தரவு செய்தான்." எழுத்துத் தமிழில், ஒரு சொல் மாறாமல், ஏற்ற இறக்கமின்றிச் சொன்னான். சற்று இடைவெளி விட்டு மறுபடியும் சொன்னான். அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்பது அதுவரை எங்களுக்கோ பள்ளிக்கோ தெரியாது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலர் யாரும் கற்பிக்காமலே மிக இளம் வயதில் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று பின்னர் அறிந்துகொண்டேன். தன்னைப் பற்றிய குற்றச்சாட்டுகளைத் தானே பையில் சுமந்து, தானே படித்து, தானே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாளே நான் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் கண்கலங்கினார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி உண்டாயிற்று: அவன் படித்தால் புண்படக்கூடிய எதுவும் அவன் சுமக்கும் ஏட்டில் எழுதப்படாது. கடினமான செய்திகளைத் தொலைபேசியில், அவன் காதில் விழாத இடத்தில் பேசிக்கொள்வோம். ஏட்டில் இரு தரப்பும் எழுதுவது மிகக் குறைவு. காலையில் நான் எழுதுவது: நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினான், காலையில் சாப்பிட்டானா, வழக்கத்திலிருந்து ஏதேனும் மாறியதா. மாலையில் பள்ளி எழுதுவது: எந்த வேளை கடினமாக இருந்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, எது உதவியது, நாளை ஏதேனும் மாற்றம் உண்டா. இவற்றில் நான் உயிராக மதிப்பது "சற்று முன்னால் என்ன நடந்தது" என்ற கேள்வியைத்தான். நடத்தையை மட்டும் எழுதினால் அது குழந்தையைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. முன்னால் நடந்ததையும் சேர்த்து எழுதினால் ஒரு வடிவம் தெரியத் தொடங்குகிறது. இரண்டு மாதக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவன் கையைக் கடித்துக்கொண்ட நாட்களில் பெரும்பாலானவை ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய இரவுகளை அடுத்து வந்தவை என்று தெரிந்தது. தூக்கக் கணக்கு என் பக்கத்திலும் கடித்த கணக்கு அவர்கள் பக்கத்திலும் இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. சிரிக்கும் முகமும் அழும் முகமும் ஒட்டி அனுப்பும் வழக்கத்தை மட்டும் நான் எந்தப் பள்ளிக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது ஒரு நாளைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒரு குழந்தையை எடைபோட்டுவிடுகிறது.

அவனுடைய சொற்களுக்கான அகராதி ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இது இருக்கிறது, ஆனால் எழுத்தில் இல்லை. அவன் நான்கு வயதாக இருந்தபோது ஒரு கட்டடத்தில் நாங்கள் இருந்த லிஃப்ட் நின்றுவிட்டது. பத்து நிமிடங்கள் இருட்டில் நின்றோம். "லிஃப்ட் நின்னுபோச்சு, லிஃப்ட் நின்னுபோச்சு" என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் அவனுக்கு எப்போது அச்சம் தோன்றினாலும், "லிஃப்ட் நின்னுபோச்சு" என்றுதான் சொல்வான். வீட்டில் எங்கள் எல்லாருக்கும் இது தெரியும்; அவன் அப்படிச் சொன்னால் உடனே அருகில் போய் உட்கார்ந்துகொள்வோம். பள்ளியில் அவன் அதையே சொன்னபோது, "இங்கே லிஃப்டே இல்லையே கண்ணா, பாடத்தைக் கவனி" என்று ஆசிரியை அன்பாகத் திருத்தியிருக்கிறார். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒரு குழந்தை சொல்ல, "இல்லை, பாடத்தைக் கவனி" என்று விடை கிடைத்திருக்கிறது, பல மாதங்களாக.

கேட்டதைத் திரும்பச் சொல்லும் இந்த இயல்பை எக்கோலாலியா என்பார்கள். பொருளற்ற கிளிப்பேச்சு என்று நீண்ட காலம் ஒதுக்கப்பட்ட இதைக் கவனமாகப் பதிவுசெய்து, குழந்தைகள் இதைக்கொண்டு விடை சொல்கிறார்கள், கேட்கிறார்கள், தங்களையே அமைதிப்படுத்திக்கொள்கிறார்கள் என்று 1980களில் பேச்சு-மொழி வல்லுநர் பாரி பிரிசாண்ட்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் காட்டினார்கள். 2012இல் டேமியன் மில்டன், தாமே ஆட்டிச நிலையில் உள்ள ஆய்வாளர், புரிதலின்மை ஒருபக்கக் குறை அல்ல, ஆட்டிசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்று எழுதினார். லிஃப்ட் விஷயத்தில் புரிந்துகொள்ளத் தவறியது யார் என்று யோசித்தால் இதில் ஐயம் எழாது. இப்போது அவனுடைய சொற்றொடர்களை ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறோம்: அவன் சொல்வது, அதன் பொருள், நாங்கள் செய்வது. ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பிக்கிறோம். பள்ளியும் அதில் வரிகள் சேர்த்திருக்கிறது. "மணி அடிச்சாச்சு" என்று அவன் வீட்டில் சொன்னால் "போதும், நிறுத்திவிடலாம்" என்று பொருள் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவன் ஆசிரியர்தான்.

படஅட்டைகளிலும் இதே கதைதான் நடந்தது. பேச்சுப் பயிற்சியாளர் ஒருவகை அட்டை கொடுத்தார், பள்ளி வேறொரு வகையைப் பயன்படுத்தியது, வீட்டில் நான் புகைப்படங்கள் எடுத்து ஒட்டியிருந்தேன். தண்ணீர் கேட்க மூன்று இடங்களில் மூன்று அடையாளங்கள். பேசவே சிரமப்படும் குழந்தையிடம் மும்மொழிப் புலமையை எதிர்பார்த்திருக்கிறோம். அட்டையானாலும் டேப்லெட்டில் உள்ள செயலியானாலும், ஒரே தொகுப்பாக இருக்க வேண்டும், அது குழந்தையோடு எங்கும் போக வேண்டும். பள்ளி அலமாரியில் பூட்டி வைக்கப்படும் அட்டைகளை நான் பார்த்திருக்கிறேன். குறும்பு செய்ததற்காக அது பறிக்கப்பட்டதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். தண்டனையாக ஒரு குழந்தையின் வாயைக் கட்டிவைக்க எவரும் துணியமாட்டார்கள், இதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அட்டையைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்று அஞ்சும் தாத்தா பாட்டிகளுக்கு நான் சொல்வது இதுதான்: 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, நம்பத்தகுந்த முறையில் பதிவுசெய்யப்பட்டிருந்த நேர்வுகளை அலசியபோது, இத்தகைய மாற்றுத் தொடர்பு முறைகளால் பேச்சு குறைந்ததாக ஒரு நேர்வுகூட இல்லை.

பள்ளியில் அமைதி, வீட்டில் கொந்தளிப்பு என்ற முரணுக்குத் திரும்புகிறேன். கழிவறைப் பிரச்சினை தீர்ந்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை. பல குழந்தைகள் பகல் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறார்கள். ஓசைகளை, வெளிச்சத்தை, இடிபடுவதை, எதிர்பாராத மாற்றங்களை. பிறகு, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் உடைந்துவிடுகிறார்கள். 2013இல் வெளிவந்த, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பு ஆட்டிசத்தின் அளவுகோல்களில் புலன் உணர்வு வேறுபாடுகளை முதன்முறையாகச் சேர்த்தது. கற்றுக்கொண்ட உத்திகளால் ஒருவரின் சிரமங்கள் மறைந்திருக்கக்கூடும் என்பதையும் குறிப்பிட்டது. ஆகவே "இங்கே நன்றாகத்தான் இருக்கிறான்" என்று பள்ளி சொல்வது பொய்யல்ல. ஆனால் அது அந்த நாளின் பாதிக் கணக்கு மட்டுமே. மீதியை வீடு அடைக்கிறது.

இதற்கு நாங்கள் கண்ட வழி இருபுறமும் இருந்தது. பள்ளியில், அவன் தளர்ந்து விழுவதற்கு முன்பாகவே, முற்பகலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் நூலகத்தின் மூலையில் பதினைந்து நிமிட ஓய்வு. அது பரிசும் அல்ல, தண்டனையும் அல்ல, கால அட்டவணையில் ஒரு பாடவேளை. வீட்டில், வந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு எந்தக் கேள்வியும் எந்தக் கட்டளையும் இல்லை. மேசைக்கு அடியில் இப்போது ஒரு மெத்தையே போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைக்கும்படி எழுத்தில் கேட்டேன். முதலில் மறுத்தார்கள், மற்றவர்களுக்கு அநியாயம் என்றார்கள். அந்த ஒரு மணி நேரத்தின் காணொளி ஒன்றைத் தலைமையாசிரியரிடம் மட்டும் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காணொளியை எடுத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தன் மிகப் பலவீனமான நேரத்தைப் பிறர் பார்ப்பதை எந்தக் குழந்தையும் விரும்பாது. வேறு வழி இருந்ததா என்று யோசிக்கிறேன். மருத்துவரோ பயிற்சியாளரோ எழுதிய ஒரு கடிதம் போதுமாக இருந்திருக்கலாம்.

"வீடும் பள்ளியும் ஒரே மாதிரி நடக்க வேண்டும்" என்று பயிற்சியாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். இதில் எனக்குப் பாதி உடன்பாடு. தொடர்புகொள்ளும் முறை, "போதும், ஓய்வு வேண்டும்" என்பதற்கான சைகை, மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் முற்றிலும் உடைந்துபோகும் நிலை) வரும்போது சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதம், கழிவறைப் பழக்கம் ஆகியவை ஒன்றாகவே இருக்க வேண்டும். மெல்ட்டவுனைப் பிடிவாதம் என்று ஒருவர் அடக்க முயல, மற்றொருவர் அமைதியாக விளக்கைக் குறைத்துக் காத்திருந்தால் குழந்தை எதை நம்புவான்? ஆனால் வீடு இரண்டாவது பள்ளியாக வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. ஒரு காலத்தில் மாலை ஆறு முதல் எட்டு வரை மேசை, அட்டை, பரிசுக் குறி என்று நான் நடத்தியிருக்கிறேன். ஒரு நாள் நான் அறைக்குள் நுழைந்ததும் அவன் எழுந்து வெளியே போனான். அவனைப் பொறுத்தவரை அம்மா இன்னொரு பயிற்சியாளராகிவிட்டாள். அன்றோடு நிறுத்தினேன். பல் துலக்குவதும் துணி மடிப்பதும் விளையாடுவதும் போதிய பயிற்சிகள். கண்ணைப் பார்த்துப் பேச வற்புறுத்துவதை இரண்டு இடங்களிலும் கைவிடச் சொன்னேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவனால் நன்றாகக் கேட்க முடிகிறது.

வீடு, பள்ளி என்று இரண்டை மட்டும் சொல்கிறோம், இரண்டுக்கும் இடையிலுள்ள வண்டியை மறந்துவிடுகிறோம். அவனுடைய நாளின் மிகக் கடினமான இருபது நிமிடங்கள் பள்ளி வண்டியில்தான் கழிந்தன. ஜன்னலோர இருக்கையை வேறொருவர் பிடித்துவிட்ட நாட்களில் அவன் வகுப்புக்குள் வரும்போதே உடைந்திருப்பான். ஆசிரியை காரணத்தை வகுப்பறைக்குள் தேடிக்கொண்டிருப்பார். வண்டியில் உடன் வரும் உதவியாளருக்கு அந்தச் சொற்றொடர்த் தாளின் பிரதி ஒன்றைக் கொடுத்தோம். எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாத அவரே பல சமயங்களில் எங்கள் எல்லாரையும்விட அதிகம் அறிந்திருந்தார். ஆசிரியர் விடுப்பில் போனால் வரும் மாற்று ஆசிரியருக்கும் அந்தத் தாள் மேசையிலேயே இருக்கும். ஆண்டு இறுதியில், பழைய ஆசிரியரும் புதிய ஆசிரியரும் நானும் அரைமணி நேரம் சேர்ந்து உட்காருகிறோம்; விடுமுறையின் கடைசி வாரத்தில், ஆளில்லாத புதிய வகுப்பறையை அவன் இரண்டு முறை சுற்றிப் பார்க்கிறான். இவை எவற்றுக்கும் பெரும் செலவில்லை. செய்யவில்லையென்றால் முதல் பருவம் முழுவதும் கரைந்துபோகும்.

எல்லாப் பள்ளிகளும் இப்படி ஒத்துழைப்பதில்லை என்பதை நான் அறிவேன். நாங்கள் விட்டு வந்த ஒரு பள்ளியில், "நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவனுக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியாது" என்றார்கள். நாற்பது பிள்ளைகளோடு தனியாக நிற்கும் ஆசிரியரின் களைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நான் கேட்டது சலுகை அன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. அதன் 24ஆம் பிரிவு அனைவரையும் உள்ளடக்கிய கல்வியையும், தனிமனிதத் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளையும் உரிமையாகவே சொல்கிறது. உரிமையை நினைவில் வைத்துக்கொண்டு, கோரிக்கையைச் சிறியதாகவும் திட்டமானதாகவும் வைப்பதே எனக்குப் பயன்பட்டிருக்கிறது. "அவனைப் புரிந்துகொள்ளுங்கள்" என்று கேட்டபோது எல்லாரும் தலையசைத்தார்கள், எதுவும் மாறவில்லை. "கழிவறைக் கதவைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டபோது அடுத்த வாரமே நடந்தது.

சென்ற ஆண்டு முதல் அந்த ஏட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. அது அவனுடையது. அவன் ஆசிரியர்தான் அதை முன்மொழிந்தார். அவனைப் பற்றி இரு வீட்டார் போல நாம் இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறோம், அவனுக்கு அதில் ஓர் இடம் வேண்டாமா என்று கேட்டார். சில நாட்களில் அதில் ஒரு ரயில் பெட்டியை வரைகிறான், சில நாட்களில் ஓர் அட்டையின் எண்ணை எழுதுகிறான், பல நாட்களில் வெறுமையாக விடுகிறான்.

மூன்று வாரங்களுக்கு முன் அந்தக் கட்டத்தில், கோணல் எழுத்துகளில், "அம்மாவிடம் சொல்ல வேண்டாம்" என்று எழுதியிருந்தான். எனக்குக் கைகால் நடுங்கியது. ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவனுடைய பாதுகாப்புக்கோ உடல்நலத்துக்கோ தொடர்புடையது எதுவுமில்லை, அப்படி இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுவேன் என்று அவனுக்கும் தெரியும், இது அவனுக்கும் இன்னொரு பையனுக்கும் இடைப்பட்ட ஒரு விஷயம், இதை அவன் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்புகிறான் என்றார் அவர். ஐந்து ஆண்டுகளாக ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளப் போராடிய நான் சற்று நேரம் தொலைபேசியைப் பிடித்தபடியே நின்றேன். பிறகு நன்றி சொல்லி வைத்தேன்.

அன்று மாலை அவன் வந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டான். நான் எதையும் கேட்கவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கழுவி வைத்தேன், காலியாக இருந்தது.